பழம் புடவையும் புதுக் கவுனும்

தெருக்கோடியில் "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்ற குரல் கேட்டவுடன் நம் வீடுகளில் ஒரு பரபரப்பு உண்டாவதை நேயர்கள் அறிவார்கள். பரணிலிருந்து ஒரு மூட்டை இறங்குகிறது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து இன்னொரு மூட்டை வெளிப்படுகிறது. வாசற்படியில் பேரம் ஆரம்பமாகிறது. ஐந்து புடவையும் நான்கு சட்டையும் இரண்டு வேஷ்டியும் கொடுத்து, முடிவில் ஓர் எவர்சில்வர் தூக்கை வாங்கிக்கொண்டு, போரில் ஜயித்த தளபதியைப்போல் உள்ளே திரும்புகிறோம். தூக்கின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்பது மறுநாள்தான் தெரியவருகிறது.

இவ்விதம் நாமும் பல தடவை ஜயித்தவர்கள்தாம். ஆனால் இப்போது அந்தக் குரல் கேட்டால், மூட்டையை முதலில் நாமே அவிழ்த்து, ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறோம். இந்தப் பழக்கம் நமக்கு எப்படி ஏற்பட்டது என்பதையும், ஒரு பழம் புடவையும் ஒரு பழஞ் சட்டையும் சேர்ந்து எவ்வாறு ஒரு குழந்தைக்குப் புதுக் கவுனாயின என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறோம். அதற்கு முன்னால் நம்முடைய தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் செய்த தவறு

நாம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியத் தொழில் செய்கிறவர்கள். இந்நாளில் பல பள்ளிகளில், பிறந்த நாள் காணும் குழந்தைக்கு அன்று ஒருநாள் மட்டும் சீருடையிலிருந்து விடுதலை உண்டு. குழந்தை வண்ண உடை உடுத்தி வந்து, வகுப்பிலுள்ள எல்லாருக்கும் மிட்டாய் வழங்கும். மற்றவர்கள் யாவரும் ஒரே நிறமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு குழந்தை மட்டும் பூத்த செடியைப்போல் நிற்கும். அந்த ஒருநாள் குழந்தைகளுடைய கணக்கில் எவ்வளவு பெரிய நாள் என்பது வகுப்பு நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

நம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தாயார் நூற்பாலை ஒன்றில் வேலை செய்கிறவர். தகப்பனார் லாரி ஓட்டுகிறவர். அவள் தன்னுடைய பிறந்த நாளன்று சீருடையிலேயே வந்தாள். பதிவேட்டைப் பார்த்து நாம்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தோம். நமக்கு இரக்கம் மேலிட்டது. இரக்கம் நல்ல குணந்தான். ஆனால் யோசனையைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் ஓடுவது அதன் சுபாவம். மறுநாளே, நம் மகளுக்குச் சிறிதாய்ப் போய்விட்ட ஓர் அழகிய கவுனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றி, அந்தச் சிறுமியின் கையில் கொடுத்தோம்.

நவம்பர் 14-ஆம் தேதி குழந்தைகள் தினம் வந்தது. அன்று எல்லாக் குழந்தைகளும் வண்ண உடையில் வரலாம். அந்தச் சிறுமியும் நாம் கொடுத்த கவுனை அணிந்து, முகம் நிறைந்த சிரிப்புடன் பிரார்த்தனை மைதானத்தில் நின்றாள். அதே பள்ளியில் இரண்டு வகுப்பு மேலே படித்துக்கொண்டிருந்த நம் மகள் அவளைப் பார்த்தாள். பார்த்ததும், "அம்மா! அது என்னோட கவுன்!" என்று உரக்கக் கூவினாள். அவள் குரலில் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லை. நெடுநாள் காணாத சிநேகிதியை வழியில் கண்டவர்கள் எப்படிக் கூவுவார்களோ, அப்படிக் கூவினாள். ஆனால் சுற்றி நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. அந்தச் சிறுமி கவுனின் முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தக் கவுனை அவள் அணிந்து நாம் பார்க்கவில்லை.

அன்றிரவு நாம் வெகு நேரம் யோசித்தோம். துணியில் குற்றம் இல்லை. தையலில் குற்றம் இல்லை. நம் மகளிடத்திலும் குற்றம் இல்லை. அந்தக் கவுன் வேறொரு குழந்தையின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. அந்தக் குழந்தை கழித்துப் போட்ட பிறகு இவளிடம் வந்தது. அதை எவ்வளவு நன்றாகச் சலவை செய்தாலும் அந்தச் செய்தி மட்டும் அதிலிருந்து போகவில்லை. இதுவே நாம் கண்ட உண்மை.

சில மாதங்களுக்குப் பிறகு, பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாயார் வந்தார். நாம் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார்.

"உங்க மனசு எனக்குத் தெரியாதா, டீச்சரம்மா? பிள்ளைக்குன்னே தைச்சதா ஒண்ணு வேணும்னு அவளுக்கு ஆசை. துணி என்கிட்டேயே இருக்கு. தைக்கத்தான் எனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுமே! இந்தச் சனிக்கிழமை துணியை எடுத்துக்கிட்டுப் பிள்ளையோட வீட்டுக்கு வாங்க" என்றோம் நாம்.

இடத்துக்கு இடம் வேறு வயது

சனிக்கிழமை பிற்பகல் தாயும் மகளும் வந்தார்கள். பையிலிருந்து இரண்டு உருப்படிகள் வெளிவந்தன. ஒன்று, அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் இறைந்த மதுரைச் சுங்கடிப் புடவை. மற்றொன்று, தகப்பனாருடைய வெளிர்நீலப் பருத்திச் சட்டை. புடவையின் கீழ்க்கரை நைந்து தொங்கிற்று. சட்டையின் காலர் மடிப்பில் வெள்ளை இழைகள் பல்லைக் காட்டின. பாத்திரக்காரரிடம் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கரண்டி கிடைத்திருக்கலாம்.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். இன்னும் உடுத்தக்கூடிய துணியில் கத்தரிக்கோலை வைக்கக்கூடாது. காலர் மட்டும் தேய்ந்த சட்டையானால், காலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைத்தால் அந்தச் சட்டை இன்னும் ஓராண்டு உழைக்கும். பழைய தையற்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை இது. நாம் அவ்வாறே செய்து தரலாமா என்று கேட்டோம். அந்தச் சட்டையோ ஏற்கெனவே ஒருமுறை காலர் திருப்பப்பட்டதாக இருந்தது! முழங்கையிலும் நைந்திருந்தது. ஆகவே துணிந்து வெட்டத் தீர்மானித்தோம்.

துணி மனிதனைப்போல் உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் கிழமாவதில்லை. அது இடத்துக்கு இடம் வெவ்வேறு வயதுடையது. சட்டையில் காலர் மடிப்பு, கைப்பட்டியின் விளிம்பு, அக்குள், முழங்கை ஆகியவை முதலில் முதுமையடைகின்றன. முதுகுப் பாகமும், முன்பாகங்களின் கீழ்ப்பகுதியும், கையின் மேற்பகுதியும் வெகுகாலம் இளமையோடிருக்கும். பையைப் பிரித்துப் பார்த்தாலோ, அதன் அடியில் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நிறம் அப்படியே இருக்கும். புடவையில் குதிகால் மிதிக்கும் கீழ்க்கரையும், இடுப்பில் உரசும் இடமும், தோளில் ஊக்கு குத்தும் இடமும் முதலில் போகின்றன. இடுப்பில் செருகும் பக்கத்துக் கரை பெரும்பாலும் வெயில் படாமல், கால் படாமல் பத்திரமாயிருக்கும். படுக்கை விரிப்பில் நடுப்பாகம் நையும், ஓரங்கள் உறுதியாயிருக்கும். பட்டுப் புடவையில் பகை வேறிடத்திலிருந்து வருகிறது. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பெட்டிக்குள் கிடப்பதால் அந்த மடிப்புக் கோட்டிலேயே பட்டு விட்டுப்போகிறது. அதனால்தான் நம் பாட்டிமார் பட்டை அடிக்கடி எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தார்கள்.

துணியின் வயதை அறிவதற்கு இரண்டு பரீட்சைகள் உண்டு. முதலாவது, ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. நைந்த இடம் சல்லடைபோல் தெரியும். இரண்டாவது, இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாவுப் போக்கில் ஒருமுறையும் ஊடைப் போக்கில் ஒருமுறையும் இழுத்துப் பார்ப்பது. இழை விட்டுக்கொடுத்தால் அந்த இடம் உதவாது. இவ்வாறு கண்ட குற்றங்களைச் சுற்றி எல்லாம் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிட வேண்டும். சாயம் விடுகிறதா என்பதையும் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டம் போடும் வேலையை நம் மகளும் அந்தச் சிறுமியும் எடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் இருவரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இங்கே ஒரு ஓட்டை! இங்கே இன்னொண்ணு!" என்று போட்டி போடலானார்கள். மைதானத்தில் நடந்ததைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர்களாயிருந்தால் பேசிப் பேசி இன்னும் பெரிதாக்கியிருப்போம்.

அளவு நாடா

சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிப்பது அவசரக்காரர் வழி. பிளேடின் நுனியால் தையல்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பிரித்தால், உள்ளே மடிந்திருந்த அரை அங்குலத் துணியும் லாபம். பிரித்த துண்டுகளைத் துவைத்து, சற்று ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போட்டால் பழைய தையற் கோடுகள் மறையும். பித்தான்களை ஒன்று விடாமல் ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

பிறகு அளவெடுத்தோம். அளவு நாடாவை மார்பைச் சுற்றிப் போட்டபோது அந்தச் சிறுமி மூச்சை அடக்கிக்கொண்டு, கைகளை விறைப்பாக நீட்டிக்கொண்டு, இராணுவ வீரனைப்போல் நின்றாள். "மூச்சு விடும்மா, மூச்சு விட்டால்தான் அளவு சரியாக வரும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. மார்பு 24 அங்குலம், தோள் 10, பின்கழுத்திலிருந்து இடுப்பு 10½, இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை 18. ஒவ்வொன்றையும் நம் மகள் நோட்டில் எழுதினாள். பக்கத்தின் தலைப்பில் அந்தச் சிறுமியின் பெயரையும் எழுதினாள். சிறுமி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இதெல்லாம் எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு மட்டுந்தான். வேறு யாருக்கும் இது பொருந்தாது" என்றோம்.

இந்த ஒரு பதிலுக்காகவே தையல் கற்றுக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றியது.

வெட்டிய விதம்

கவுனின் மேற்பாகத்தைச் சட்டையிலிருந்தும், கீழே கொசுவிய பாவாடைப் பாகத்தைப் புடவையிலிருந்தும் எடுப்பது என்று திட்டம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்பிள்ளைச் சட்டையின் முன்பக்கத்தில் பித்தான் பட்டியும் காஜாவும் தயாராக இருக்கின்றன. புதிதாகக் காஜா எடுப்பதுதான் வீட்டில் தைப்பவர்களுக்குத் தலைவலி. ஆகையால், சட்டையின் இரண்டு முன்பாகங்களையும் பித்தான் போட்டபடியே பரப்பி வைத்து, பட்டி நடுவில் வருமாறு குழந்தைக் கவுனின் முதுகுப் பாகத்தை வெட்டினோம். தகப்பனாரின் மார்பு குழந்தையின் முதுகாயிற்று! கழுத்து வெட்டும் கோட்டுக்கு முக்கால் அங்குலம் கீழே ஒரு பித்தான் வருமாறு பார்த்துக்கொண்டால், மேற்பாகத்துக்கு மூன்று பித்தான்கள் தாமே அமைந்துவிடும். சட்டையின் முதுகிலிருந்து கவுனின் முன்பாகம் கிடைத்தது. கையின் மேற்பகுதியிலிருந்து இரண்டு சிறிய பஃப் கைகள் கிடைத்தன.

மார்பு 24 அங்குலமானால், தாராளத்துக்காக 4 சேர்த்து, சுற்றளவை 28 என்று வைத்துக்கொண்டோம். முன்பாகம் 14, பின்பாகம் 14. இவற்றுடன் பக்கத் தையல்களுக்கு வழக்கம்போல் அரை அங்குலம் விடாமல், ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் அங்குலம் முழுமையாக விட்டோம். குழந்தை வளர்ந்த பிறகு தையலைப் பிரித்து நான்கு ஓரங்களிலும் அரை அங்குலம் தளர்த்தினால், சுற்றளவு 2 அங்குலம் கூடிவிடும். இடுப்பிலும் ஓர் அங்குலத்தை உள்ளே மடித்து வைத்தோம்.

பாவாடைப் பாகத்துக்குப் புடவையின் நல்ல கரையையே கவுனின் அடியோரமாக வைத்துக்கொண்டோம். கரை இருப்பதால் அடியில் மடித்து அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கரையிலிருந்து மேல்நோக்கி 23½ அங்குலம். வேண்டியது 18 அல்லவா, மீதி எதற்கு என்று கேட்கலாம். கரைக்குச் சற்று மேலே, முக்கால் அங்குல ஆழத்தில் மூன்று டக்குகள் பிடித்தோம். ஒவ்வொரு டக்கும் ஒன்றரை அங்குலத் துணியை விழுங்கும். ஆக நாலரை அங்குலம். பாக்கி ஓர் அங்குலம் இடுப்புத் தையலுக்கு. இந்த டக்குகள் பார்ப்பதற்கு அலங்காரம். உண்மையில் இவை சேமிப்பு வங்கி. வருஷம் ஒரு டக்கைப் பிரித்தால் குழந்தையோடு கவுனும் வளரும். அகலத்துக்கு, வட்டம் போட்ட இடங்களை விலக்கி, ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள் எடுத்து இரு பக்கமும் இணைத்தோம்.

தைத்த விதம்

நம்மிடம் இருப்பது தாயார் காலத்துக் கால்மிதி இயந்திரம். மின்சாரம் போனாலும் அது போகாது. இயந்திரங்களைப்பற்றிக் கடுமையான அபிப்பிராயம் கொண்டிருந்த காந்தியடிகள்கூட, 1924-இல் இதுபற்றி ஒருவர் கேட்டபோது, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விதிவிலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து அலுப்பதைக் காணச் சகியாத ஒருவருடைய அன்பிலிருந்து பிறந்த இயந்திரம் என்று அவர் அதைப் பாராட்டினார்.

பழந்துணியைத் தைப்பதற்குச் சில ஜாக்கிரதைகள் வேண்டும். மெல்லிய ஊசியே போட வேண்டும். 11-ஆம் நம்பர் போதும். தையல் மிகப் பொடியாக விழக்கூடாது. பொடித் தையல் உறுதி என்பது புதுத் துணிக்குப் பொருந்தும். பழந்துணியில் அது தபால் தலையின் ஓரத்தைப்போல் வரிசையாகத் துளையிட்டு, அந்தக் கோட்டிலேயே கிழித்துவிடும். நூல் துணியைவிட உறுதியாயிருக்கவும் கூடாது. இழுபடும்போது நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம். துணி கிழிந்தால் என்ன செய்வது? ஆகவே சாதாரணப் பருத்தி நூலே உத்தமம்.

மேற்பாகத்துக்கு உள்துணியாக நம் வீட்டு மல் வேஷ்டி ஒன்றைப் போட்டோம். அதே வேஷ்டியிலிருந்து மூலைவாட்டில் ஒன்றேகால் அங்குல அகலத்துக்குக் கிராஸ் துண்டு வெட்டி, கழுத்துக்கும் கைகளுக்கும் ஓரம் கட்டினோம். மூலைவாட்டில் வெட்டிய துணிதான் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். கழுத்தில் கயிறோ நாடாவோ வைக்கவில்லை; விளையாடும் குழந்தைக்கு அது ஆபத்து. கடைசியில், சட்டைப் பையைப் பிரித்தெடுத்து, மறுபக்கம் திருப்பி, பாவாடைப் பாகத்தின் வலது பக்கத்தில் பொருத்தினோம். அரக்கு நிறத்தின்மேல் அந்த நீலப் பை ஓர் அலங்காரமாகவே அமைந்தது. பெண் குழந்தைகளின் உடைக்குப் பை எதற்கு என்று எந்த மகானுபாவர் தீர்மானித்தாரோ, நமக்குத் தெரியாது.

புதிதாக வாங்கியது ஒரு நூற்கண்டு. செலவான காலம் இரண்டு சனிக்கிழமைப் பிற்பகல்கள்.

பிறர் செய்தது

இதெல்லாம் இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்று யாரேனும் நினைக்கலாம். உலகத்தைச் சற்றுப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். இரண்டாவது மகாயுத்தத்தின்போது, 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி பிரிட்டனில் துணிப் பங்கீடு அமுலுக்கு வந்தது. முதல் ஆண்டில் வயது வந்த ஒருவருக்கு 66 கூப்பன்களே கிடைத்தன. 1943-இல் அந்த நாட்டு வர்த்தக இலாகா, உள்ள துணியை ஒட்டுப்போட்டும் மாற்றித் தைத்தும் சமாளிப்பது எப்படி என்று ஒரு கையேடே வெளியிட்டது. பெரியவர்களின் கோட்டுகள் குழந்தைகளின் கோட்டுகளாயின. 1949 மார்ச்சில்தான் அந்தப் பங்கீடு நீங்கிற்று. அதே 1943-இல் நம் நாட்டிலும் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. அந்நாளில் சிறு பெண்ணாயிருந்த நம் பாட்டியார், தம் தாயாருடைய ஒன்பது கஜப் புடவையில் தமக்கும் தங்கைமார் இருவருக்கும் பாவாடை தைத்த கதையைச் சொல்லிக்கொண்டேயிருப்பார்.

அமெரிக்காவில் 1930-க்குப் பிந்திய பஞ்ச காலத்தில் கிராமத்துத் தாய்மார்கள் மாவும் தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளில் குழந்தைகளுக்குக் கவுன் தைத்தார்கள். இதையறிந்த ஆலைக்காரர்கள், சாக்குகளிலேயே பூப்போட்ட அச்சுகளைப் பதித்து விற்கத் தொடங்கினார்கள். கம்பெனியின் பெயரைத் துவைத்தால் போகும் மையில் அச்சிட்டார்கள். வங்காளத்துப் பெண்களோ இவர்களுக்கெல்லாம் மூத்தவர்கள். பழம் புடவைகளையும் வேஷ்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டு அவர்கள் செய்யும் 'காந்தா' விரிப்பு இன்று உலகப் பிரசித்தம்.

நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். தமிழ்நாட்டில் பிறந்த குழந்தையின்மேல் முதலில் படும் துணி புதுத் துணி அல்ல. பல தடவை துவைத்து மெத்தென்றான பழம் பருத்தித் துணிதான். அது ஆடும் தூளியும் தாயின் பழம் புடவைதான். புதுத் துணியிலுள்ள கஞ்சியும் மெருகும் இரசாயனங்களும் பச்சைக் குழந்தையின் மேனிக்கு ஆகா என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதை நம் முன்னோர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

அன்று துணி போதாமல் மக்கள் கஷ்டப்பட்டார்கள். இன்று துணி மிதமிஞ்சியிருப்பதே கஷ்டம். ஒரு பருத்திச் சட்டையை உண்டாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். குடத்தோடு குழாயடியில் காத்து நிற்கும் நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. மேல்நாட்டார் கழித்த கம்பளி உடைகள் ஹரியானாவிலுள்ள பானிபட்டுக்கு வந்து, நார்நாராகப் பிய்க்கப்பட்டு, மறுபடி நூலாகிப் போர்வைகளாகின்றன. 1999-இல் டில்லியில் அன்ஷு குப்தா என்பவர் ஆரம்பித்த 'கூஞ்ஜ்' என்னும் நிறுவனம், நகரத்து வீடுகளில் கிடக்கும் துணிகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் அதை வெறும் தானமாகக் கொடுப்பதில்லை. கிணறு வெட்டுவது, பாதை போடுவது போன்ற ஊர்க் காரியங்களை மக்கள் செய்துகொள்ள, அதற்குப் பரிசாகத் துணி வழங்கப்படுகிறது. வாங்குகிறவரின் கௌரவம் குறையக்கூடாது என்பதே அதன் கருத்து. 2015-இல் அவருக்கு மகஸேஸே விருது கிடைத்தது. நாம் ஒரு சிறுமியை மைதானத்தில் தலைகுனிய வைத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை, அவர் நமக்கு வெகு காலம் முன்பே கற்றிருந்தார்.

மஞ்சள்

பிறந்த நாளுக்கு முதல் நாள் மாலை தாயார் கவுனை வாங்கிப் போக வந்தார். மேசைமேல் அது இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. அவர் அதை விரித்துப் பார்த்தார். புடவைக் கரையை விரலால் தடவினார். முதுகுப் பித்தான்களை எண்ணினார். பையைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சற்றுத் தயக்கத்துடன், "டீச்சரம்மா, இதுக்கு மஞ்சள் வைக்கலாமா?" என்று கேட்டார்.

புதுத் துணிக்கு மூலையில் துளி மஞ்சள் தடவி உடுத்துவது நம் வழக்கம். பழந்துணிக்கு யாரும் மஞ்சள் வைப்பதில்லை. அப்படியானால் இது புதுசா, பழசா? பட்டம் பெற்றவர்கள் என்ற பெயர்தான். இந்தக் கேள்விக்கு உடனே நமக்குப் பதில் தோன்றவில்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே நம் மகள் சமையலறைக்கு ஓடி, மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டிவிட்டாள். தாயார் கவுனின் உட்பக்க மூலையில், கரையின்மேல் ஒரு துளி வைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது நமக்கு உள்ளூர ஒரு பயம். நம் மகள் மறுபடியும் ஏதாவது கூவி வைப்பாளோ என்று, "நாம் தைத்ததாக யாரிடமும் சொல்லக்கூடாது" என்று எச்சரித்திருந்தோம். அதற்கு அவசியமே இல்லாமற் போயிற்று. அந்தச் சிறுமி, ஒரு கையில் மிட்டாய்ப் பெட்டியும், மற்றொரு கை கவுன் பைக்குள்ளுமாக மைதானத்தின் நடுவில் நின்று, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் அறிவித்துக்கொண்டிருந்தாள்: "இது எங்க அம்மா புடவை. இது எங்க அப்பா சட்டை. என்னை அளந்து தைச்சது!"

பழந்துணி என்பதை மறைக்க வேண்டும் என்று எண்ணியது நம்முடைய அற்ப புத்தி. அவளுக்கோ அதுவே பெருமையாயிருந்தது. பிறர் கழித்ததைப் போட்டுக்கொள்வது வேறு. தன் தாய் தந்தையரின் துணி தன் அளவுக்கு உருமாறி வந்து தன்னைத் தழுவிக்கொள்வது வேறு. இந்த வித்தியாசத்தைக் குழந்தைகள் அறிவார்கள்.

இது நடந்து இரண்டு வருஷங்களாகின்றன. இரண்டு டக்குகள் பிரிந்துவிட்டன, ஒன்று பாக்கியிருக்கிறது. பக்கத் தையலும் ஒருமுறை தளர்த்தியாயிற்று. டக்குகள் இருந்த இடத்தில் மட்டும் அரக்கு நிறம் சற்று ஆழ்ந்து இரண்டு கோடுகளாகத் தெரிகிறது. அதை மறைக்க அவள் தாயாரே சங்கிலித் தையல் போட்டிருக்கிறார். ஆம், அவரும் இப்போது தையல் கற்றுக்கொண்டுவிட்டார். நம் மகளுக்கும் அம்மா புடவையில் ஒரு கவுன் வேண்டுமென்று பிடிவாதம் பிறந்து, நம்முடைய கல்லூரிக் காலத்துப் புடவை ஒன்று அதற்கு இரையாயிற்று.

ஆகவே, அடுத்த தடவை தெருவில் பாத்திரக்காரரின் குரல் கேட்கும்போது, நேயர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இளமை மாறாத இரண்டு மீட்டர் துணி எந்த மூட்டையிலும் இருக்கும். பிறகு உங்கள் வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டு நிறுத்தி, அளவு நாடாவை எடுங்கள். மூச்சு விடச் சொல்ல மட்டும் மறந்துவிடாதீர்கள்.